உக்கிராணக்காரனின் கணக்கு: ஆதித் திருச்சபையில் பொறுப்பும் ஆவிக்குரிய அதிகாரமும்

கடம்பத்தூர் முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, ஆலை வேலையை நம்பி வந்து குடியேறியவர்களிடையே சிறு சபைகள் பல எழுந்திருக்கின்றன. ஒரு வாடகைக் கட்டடம், ஒரு போதகர், ஞாயிறு ஆராதனை. இவற்றில் பலவற்றுக்கு மேலே பேராயமோ மறைமாவட்டமோ கிடையாது. காணிக்கை யார் கையில் சேர்கிறது, யார் முன்னிலையில் கணக்கு வாசிக்கப்படுகிறது என்பது சபைக்குச் சபை மாறும். இங்கேயும் சரி, பழைய பேராயங்களின் ஆலயங்களிலும் சரி, உக்கிராணத்துவம் என்ற தலைப்பில் பிரசங்கிக்கப்படுவது பெரும்பாலும் கொடுப்பவரின் கடமைதான்: தசமபாகம், முதற்பலன், அறுப்பின் பண்டிகைக் காணிக்கை. முதல் ஐந்து நூற்றாண்டுத் திருச்சபையோ அந்தப் பாரத்தைப் பெறுபவரின் தோளில் ஏற்றியது. அதன் பார்வையில், பிறர் பொருளையும் பிறர் ஆன்மாவையும் கையில் வைத்திருப்பவரே உக்கிராணக்காரர். அவர் சபைமுன் கணக்குக் கொடுப்பது அவருடைய ஆவிக்குரிய அதிகாரத்தோடு ஒட்டிப் பிறந்த கடமை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பவுலிடமிருந்து தொடங்குவோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் அவர் தம்மையும் உடன் ஊழியரையும் தேவ இரகசியங்களின் உக்கிராணக்காரராக எண்ணச் சொல்கிறார். உண்மையுள்ளவனாகக் காணப்படுவதே அப்பணிக்குத் தேவையான தகுதி என்கிறார். அடுத்த வரிகளிலேயே, மனிதருடைய தீர்ப்பு தமக்கு ஒரு பொருட்டல்ல, தம்மை விசாரிக்கிறவர் கர்த்தரே என்றும் சொல்லிவிடுகிறார். கேள்வி கேட்கப்படும்போதெல்லாம் இந்த வரிகளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும் ஊழியர்களை நாம் அறிவோம். அவர்கள் பவுலை முழுதும் வாசிக்க வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது, அதைக் கொண்டுபோக வேண்டியவர்களைச் சபையே தேர்ந்தெடுக்கட்டும் என்று அதே நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தில் எழுதுகிறார். இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் தீத்துவோடு வேறு இரு சகோதரரையும் அனுப்புகிறார். அவர்களுள் ஒருவர் சபைகளால் நியமிக்கப்பட்டவர். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது, கர்த்தர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். போதனையின் உண்மைக்குக் கடவுளை நீதிபதியாக வைத்தவர், பணத்துக்கு அயலார் கண்ணைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டார். இவ்விரண்டையும் குழப்புவதில்தான் இன்றைய பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

‘திதகே’ இன்னும் வெளிப்படையானது. பிலொதேயு புரியேனியு 1873இல் கண்டெடுத்து 1883இல் பதிப்பித்த இச்சிறு நூலை முதல் நூற்றாண்டின் இறுதி, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் சார்ந்தது என்று பல அறிஞர் கருதுகின்றனர். ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் பொய்த் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பத்தைத் தவிர வேறெதுவும் வாங்கக்கூடாது; பணம் கேட்டாலோ அவர் பொய்யர். ஆவியில் பேசுபவரைப் பேச்சை வைத்து அன்று, நடத்தையை வைத்து அறியவேண்டும். வந்தவர் ஊரிலேயே குடியேற விரும்பினால் தம் தொழிலைச் செய்து உண்ணட்டும், தொழில் இல்லாதவர் சோம்பியிராதபடி சபை வழிசெய்யட்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. பிற மாநிலங்களிலிருந்து வேலை தேடி வருவோர் நிறைந்த நம் தொழிற்பகுதிக்கு இதைவிட நெருக்கமான பழைய கிறிஸ்தவ ஒழுங்கு ஒன்று எனக்குத் தெரியவில்லை. கண்காணிகளையும் உதவிக்காரரையும் சபையாரே நியமிக்க வேண்டும், அவர்கள் பணத்தாசை இல்லாதவராய் இருக்கவேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்தியோகியா இக்னாசியு இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய கடிதங்கள் ஆயர் இன்றி எதையும் செய்யாதிருக்கச் சொல்கின்றன. ஏறத்தாழ 96ஆம் ஆண்டில் உரோமைச் சபை கொரிந்துக்கு எழுதிய கடிதம், மூப்பர்களைப் பதவியிறக்கிய கலகக்காரரைக் கண்டிக்கிறது. அப்படியானால் அதிகாரம் மேலிருந்து வருவது, கீழிருப்போர் கேட்கக் கூடாதது என்று ஆகாதா? ஆகாது என்பதற்கு அந்தக் கொரிந்துக் கடிதமே சான்று. அம்மூப்பர்களைத் தள்ளியது தவறு என்பதற்கு அது காட்டும் காரணங்களில் முதன்மையானது அவர்கள் குற்றமின்றிப் பணிசெய்தார்கள், சபையின் நற்சாட்சியைப் பெற்றிருந்தார்கள் என்பது. பதவி வரிசையைக் காக்கும் நூலே ஊழியத்தின் தூய்மையை அளவுகோலாக வைக்கிறது.

பிற்காலச் சங்கங்கள் இதைச் சட்டமாக்கின. 341இல் கூடியதாகக் கொள்ளப்படும் அந்தியோகியாச் சங்கத்தின் விதிகள், சபையின் உடைமை எது என்பது மூப்பருக்கும் உதவிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆயரின் சொந்தச் சொத்தோடு அது கலக்கக்கூடாது என்கின்றன. 451இல் கூடிய கல்செதோன் சங்கத்தின் 26ஆம் விதி, ஆயர் உள்ள ஒவ்வொரு சபையிலும் அச்சபைக் குருக்களிலிருந்தே ஓர் உக்கிராணக்காரர் இருக்கவேண்டும், நிர்வாகம் சாட்சியில்லாமல் நடக்கக்கூடாது என்று கட்டளையிடுகிறது. மிக உயர்ந்த ஆயரின் கைக்கும் பக்கத்தில் இன்னொரு கண் வேண்டும் என்று திருச்சபை தன் அனுபவத்தால் கற்றிருந்தது.

தமிழகத்தில் இக்கேள்வி வேறு உருவில் வந்தது. மிஷன் பணம் கடல் கடந்து வந்ததால், தமிழ்ச் சபையார் கேட்கக்கூடிய கணக்கு இங்கே இல்லாமலிருந்தது. அதிகாரமும் மிஷனரியின் மேசையிலேயே தங்கியது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றபோது, இந்தியர் பணமும் இந்தியர் நிர்வாகமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கொள்கை அதில் இருந்தது. பனையேறிக் குடும்பங்களும் சமைக்குமுன் கைப்பிடி அரிசி எடுத்துவைத்த பெண்களும் நிறைந்த திருநெல்வேலிச் சபைகள் தாங்கிய பணி அது. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை மிஷனரிகளின் ஆதிக்க மனப்பாங்கை நேருக்குநேர் சுட்டியது. 1912இல் தோர்ணக்கல் ஆயரானபின், ஏழைத் தெலுங்குச் சபைகளுக்கும் கொடுக்கும் கடமையை விடாமல் கற்பித்தார். கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை வரும் என்பதால், நான் இதை நிதி திரட்டலாகக் காணவில்லை. அதிகாரத்தை ஊருக்குள் கொண்டுவந்த செயலாகவே காண்கிறேன்.

அந்த உரிமையை நாம் நன்றாகக் காத்தோம் என்று சொல்ல முடியாதது வருத்தமானது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தேர்தல், சொத்து வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்தன. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை அதன் நிர்வாகத்துக்கு நியமிக்கும் நிலை வந்தது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டமைப்பு இருந்தால் போதும் என்று எண்ணுவோருக்கும், கட்டமைப்பே வேண்டாம் என்று தனித்து நிற்கும் சிறு சபைகளுக்கும் இந்த எச்சரிக்கை ஒருசேரப் பொருந்தும். சிறு சபைக்குப் பெரிய விதித்தொகுப்பு தேவையில்லை. வங்கிக் கணக்கு போதகரின் சொந்தப் பெயரில் இல்லாமல் சபையின் பெயரில், இருவர் கையொப்பத்தோடு இருக்கட்டும். வரவு செலவு மாதந்தோறும் சபையாரின் முன் வாசிக்கப்படட்டும். நிலம் வாங்கினால் பத்திரம் யார் பெயரில் என்பது எல்லாருக்கும் தெரியட்டும்.

தவறிய உக்கிராணக்காரரை என்ன செய்வது என்பதற்கும் பழைய மாதிரி ஒன்று இருக்கிறது. பிலிப்பியில் வாலென்சு என்ற மூப்பர் பணவிஷயத்தில் தவறினார். சிமிர்னாவின் பொலிகார்ப்பு அச்சபைக்கு எழுதியபோது, தம்மை ஆளத் தெரியாதவர் பிறருக்கு எப்படிக் கட்டளையிடுவார் என்று கேட்டார். அவருக்காகவும் அவர் மனைவிக்காகவும் தாம் மிகவும் துக்கப்படுவதாகச் சொன்னார். அவர்களைப் பகைவராக எண்ணாமல், நோயுற்ற உறுப்புகளாகக் கருதித் திரும்ப அழைக்கும்படி சபையைக் கேட்டுக்கொண்டார்.