மணலூர்பேட்டை வட்டார இசை

மணலூர்பேட்டை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த பேரூர். வடக்கே திருவண்ணாமலை, கிழக்கே திருக்கோவிலூர், தென்மேற்கே கல்வராயன்மலை. இவற்றுக்கு இடைப்பட்ட ஊர்களில் வழங்கும் கோயில் இசை, தெருக்கூத்து இசை, பறையும் பம்பையும், மலைவாழ் மக்களின் பாட்டு, இக்காலத் திரையிசை எல்லாம் சேர்ந்ததே இவ்வட்டார இசை. கச்சேரி மேடையைவிடத் திருவிழா நாள்களை ஒட்டியே இது வளர்ந்தது.

இதன் பழமைக்குச் சான்று பத்துப்பாட்டில் உள்ளது. அண்டையிலுள்ள செங்கத்தை ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை எனக் கூத்தர் சுமந்து சென்ற கருவிகளை அது வரிசைப்படுத்துகிறது. பக்தி இசையிலும் இந்நிலத்துக்குப் பங்கு உண்டு. தேவாரம் பாடிய சுந்தரர் பிறந்த திருநாவலூர் இதே மாவட்டத்தைச் சேர்ந்தது. முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாக வைணவர் போற்றும் தலம் திருக்கோவிலூர். இருபதாம் நூற்றாண்டில் அங்குள்ள ஞானானந்த தபோவனத்திலிருந்து ஹரிதாஸ் கிரி சுவாமிகள் நாமசங்கீர்த்தனத்தைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றார்.

தை 5-ஆம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். சுற்றூர்ச் சாமிகளும் கரைக்கு வரும். நாகசுரமும் தவிலும் முன்செல்லும். அதே மாதப் பூசத்தன்று திருவண்ணாமலை ஈசானிய குளத்தில் நடக்கும் தீர்த்தவாரிக்கும் அண்ணாமலையார் மேளதாளத்தோடுதான் போவார். ஆனால் தம்மைப் பெற்ற பிள்ளையாய்ப் பாவித்த வல்லாள மகாராஜன் இறந்த செய்தி அங்கே எட்டுவதாக ஐதிகம். ஆகவே திரும்பும்போது மேளம் கிடையாது. வாசிக்காமல் இருப்பதும் இசைமரபின் ஒரு விதியாகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இப்பகுதியில் இல்லை.

வட்டாரத்தின் ஆகச் செழுமையான இசை தெருக்கூத்தில் இருக்கிறது. வில்லிபாரதம் செய்த வில்லிபுத்தூரார் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது பகலில் பிரசங்கியார் அவர் பாட்டை இசையோடு சொல்லிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை கூத்தாகும். ஆடுகளத்தின் பின்புறம் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. கட்டியக்காரன் வந்து கதையைத் தொடங்கி வைப்பான். வேடதாரி முதலில் திரைக்குப் பின் நின்று விருத்தம் பாடித் தம்மை அறிவிப்பார். திரை விலகியதும் அடவும் பாட்டும் வேகமெடுக்கும். அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். முகவீணை, நாகசுர இனத்துச் சிறு கருவி. பெயரில் வீணை இருந்தாலும் ஊதுகருவி. அதன் உச்சக் குரல் ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் கூட்டத்தின் கடைசி ஆள்வரை எட்டியது. அர்ச்சுனன் தபசில் வேடதாரி உயர்ந்த கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மேலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்காக மடியேந்திக் காத்திருப்பார்கள். பதினெட்டாம் போர் முடிந்து, மண்ணில் கிடக்கும் துரியோதனன் உருவருகே படுகளம் நடக்கும்போது பாட்டு ஒப்பாரியாகும். அன்று மாலை தீமிதி. விடியவிடிய உச்சக் குரலில் பாடும் இக்கலைஞர்கள் எந்தக் கச்சேரிப் பாடகருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

அம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் வர்ணிப்புப் பாட்டுக்குத் துணை. பறையை வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை இறுக்குவார்கள். சாவு அடியும் சாமி அடியும் வேறு வேறு. இதே மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் இரவெல்லாம் கும்மியடிப்பார்கள். மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைப்பார்கள்.

கல்வராயன்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தம் தோற்றக் கதையைச் சொல்பவர்கள். பேசுவதும் பாடுவதும் தமிழே. 1976 வரை இம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சமவெளியோடு தொடர்பு குறைந்திருந்ததால் வட்டமாக நின்று ஆடும் ஆட்டங்களும், தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் மலைக்கே உரிய பேச்சுவழக்கில் தங்கின. வெளியாருக்கு இவை பெரும்பாலும் அரசு நடத்தும் கோடைவிழா மேடையில் சில நிமிடம் மட்டுமே காணக் கிடைக்கின்றன. அது போதாது.

1967-இல் தொடங்கிய புதுச்சேரி வானொலி நிலையம் திரைப்பாட்டையும் கிராமிய நிகழ்ச்சியையும் இவ்வூர்களுக்குக் கொண்டு வந்தது. பின்னர்ப் பேண்டு செட், ஆர்கெஸ்ட்ரா, அண்மையில் கேரளச் செண்டை மேளமும் டிஜே பெட்டிகளும் வந்தன. கூத்திலேயே திரை மெட்டுகள் நுழைந்துவிட்டன. அதில் தவறில்லை, கூத்து என்றும் கேட்ட மெட்டை எல்லாம் வாங்கிக்கொண்ட கலை. ஆனால் செண்டைக்குக் கொடுக்கும் முன்பணத்தை உள்ளூர்ப் பம்பைக்காரருக்குத் தர ஊர்கள் தயங்குவது வருத்தத்துக்குரியது.

மத்திய அமெரிக்க நாடான பெலீசில் காரிஃபூனா மக்களின் பாட்டும் கல்வராயன்மலைப் பாட்டைப் போலவே முதியவர்களோடு மறையும் நிலையில் இருந்தது. யுனெஸ்கோ 2001-இல் அம்மக்களின் மொழி, ஆட்டம், இசையை மனித குலத்தின் அரும்பொருளாக அறிவித்தது. ஆண்டி பலாசியோ 2007-இல் வெளியிட்ட ‘வாட்டினா’ இசைத்தொகுப்பு அதை உலகம் கேட்க வைத்தது. மறு ஆண்டு ‘உமலாலி’ என்ற தொகுப்பில் கிராமத்துப் பெண்களின் குரலே ஒலித்தது. அதுபோலக் கல்வராயன்மலை ஊர்களான வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பாடத் தெரிந்த மூதாட்டிகள் இருக்கும்போதே பல்கலைக்கழகங்களும் வானொலியும் மலையேறி, அவர்கள் இசைவோடு, பாடியவர் பெயரோடு அப்பாடல்களைப் பதிவு செய்ய வேண்டும்.