செங்கல்லும் தண்டவாளமும்: கோலாலம்பூர்ப் பொதுக் கட்டுமானத்தில் உள்நாட்டுப் பொருள்கள்

முன்னுரை

பொதுக் கட்டுமானத்திற்கு வேண்டிய பொருள்களை எங்கிருந்து பெற வேண்டும் என்று அரசு வரையறுப்பது புதிய வழக்கம் அன்று. அமெரிக்கா இதற்கென 1933-இல் சட்டமே இயற்றியது. இன்று மலேசிய அரசின் கட்டுமான ஒப்பந்தங்களிலும் உள்நாட்டுப் பொருள்களுக்கு முன்னுரிமை உண்டு. கோலாலம்பூரில் இக்கேள்வி முதன்முதலில் எவ்வாறு எழுந்தது என்பதையும், அதில் தமிழர் பெற்ற இடத்தையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

செங்கல்

1881 ஜனவரியில் ஏற்பட்ட தீயும், அவ்வாண்டு இறுதியில் வந்த வெள்ளமும், மரத்தாலும் அத்தாப்பாலும் அமைந்திருந்த கோலாலம்பூரை அழித்தன. 1882-இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884-இல் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் எனப் பணித்தார். சீனர் தலைவர் யாப் ஆ லோய் செங்கல் தொழிலுக்கென நிலம் வாங்கினார். செங்கற்களங்கள் அமைந்த அப்பகுதியே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது.

இவ்விதி எப்பொருளால் கட்ட வேண்டும் என்று கூறியதே தவிர, எந்நாட்டுப் பொருளால் என்று கூறவில்லை. நோக்கம் தீத்தடுப்பு, தொழில் வளர்ச்சி அன்று. எனினும் செங்கல் கனமானது, விலை மலிவானது. தொலைவிலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது. ஆகவே நிபந்தனை இல்லாமலேயே உள்ளூர்த் தொழில் வேரூன்றியது.

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலிருந்து கோம்பாக் ஆற்றைக் கடந்தால், இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எனப்படும் பழைய அரசுச் செயலகத்தைக் காணலாம். 1894-இல் தொடங்கி 1897-இல் நிறைவுற்ற இக்கட்டடத்திற்குச் சுமார் 40 இலட்சம் செங்கற்களும், 2,500 பீப்பாய் சிமெண்டும், 50 டன் இரும்பும் எஃகும் செலவாயின என்பர். இப்பட்டியலில் மண் இந்நாட்டுடையது; எஃகு அவ்வாறன்று.

தண்டவாளம்

இறக்குமதிப் பொருள்களைப் பொறுத்தவரை குடியேற்ற அரசின் விதி தெளிவானது. குடியேற்ற நாடுகளின் அரசுகள் அவற்றை இலண்டனிலிருந்த கிரௌன் ஏஜெண்ட்ஸ் என்னும் கொள்முதல் நிறுவனத்தின் வழியாகவே பெற வேண்டும் என்பது பொது நெறி. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, தண்டவாளம் செய்யும் ஆலை எதுவும் மலாயாவில் இல்லை. இருப்புப்பாதை வளர வளர, அதற்கான செலவில் ஒரு பங்கு பிரிட்டிஷ் ஆலைகளுக்குச் சென்றது.

தொழிலாளரும் வெளியிலிருந்தே வந்தனர். தண்டவாளம் பதிக்கவும் சாலை அமைக்கவும் தமிழகத்திலிருந்து கூலிகள் கொண்டுவரப்பட்டனர். இருப்புப்பாதை அலுவலகங்களுக்கு யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். பிரிக்பீல்ட்ஸ் தமிழர் வாழும் பகுதியானதற்குப் பெயரிலுள்ள செங்கல்லைக் காட்டிலும், அங்கமைந்த இருப்புப்பாதைப் பணிமனைகளும் குடியிருப்புகளுமே காரணம் எனலாம். பெயரையும் குடிகளையும் ஒன்றாக்கிக் கற்பிக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

முடிவுரை

ரவாங்கில் சிமெண்டு ஆலை 1953-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறையில் மலாயாவாத்தா எஃகு ஆலை, ஜப்பானியக் கூட்டுறவோடு, 1967-இல் தொடங்கியது. செங்கல்லுக்கும் எஃகுக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதைக் காண்கிறோம். ஆலை இல்லாத இடத்தில் உள்நாட்டுப் பொருள் என்னும் நிபந்தனை பயன் தராது. ஆலை எழுந்த பின்னரே அதற்கு உயிர் உண்டாகிறது.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. அன்றைய விதிகளும் இன்றைய ஒப்பந்த நிபந்தனைகளும் பொருளின் பிறப்பிடத்தை வினவுகின்றன. அப்பொருளைக் கட்டடமாகவும் பாதையாகவும் ஆக்கிய கைகளை அவை கணக்கில் கொள்வதில்லை. செயலகத்திற்குச் செலவான செங்கற்களின் எண்ணிக்கையைக் கூற இயலும் நமக்கு, அவற்றை அடுக்கியவர்களின் பெயர்களைக் கூற இயலவில்லை. தமிழாசிரியர்கள் வட்டார வரலாற்றைக் கற்பிக்கும்போது, இருப்புப்பாதைக் குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகளை மாணவர் வழித் தொகுக்கச் செய்வது, இக்குறையை ஓரளவேனும் நிறைவு செய்யும்.