அவ்வாவின் கவுதியும் என் கோட்டும்

மலருக்கு வரலாறு எழுதணும்னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச வரலாறு எங்க அவ்வாவோட கவுதியில்தான் தொடங்குது.

ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி, தை மாசத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியக்காலையில் பால் ஊத்தப் போறவங்களைக் கேட்டால் அந்தக் குளிரைச் சொல்வாங்க. கம்பளி வாங்க முடியாத வீடுகளில் நைந்த சேலை, வேட்டியை நாலைந்து அடுக்காகப் பரப்பி, மேலே ஒட்டுத் துணிகளை வைத்து, நெருக்கமாக நூல் ஓட்டிப் போர்வையாக்குவார்கள். கன்னடத்தில் அது கவுதி. எங்க வீட்டில் தமிழ் பேசும்போதும் அதே பேர்தான்.

இது எங்க ஊரோடு நிற்கவில்லை. வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைதான். தைக்கிற நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்து உருவிக்கொள்வார்களாம். கர்நாடகாவில் எல்லாபுரா, ஹளியாள் பக்கம் சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண்கள் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் பூ வைக்காமல் விடமாட்டார்கள்.

அவ்வா தைத்தது வீட்டுக்கு மட்டும். விற்கலாம் என்ற எண்ணம் குழு வந்த பிறகு வந்ததுதான். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: தமிழ்நாட்டில் அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியதே நம்ம மண்ணில்தான். 1989-ல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டம்தான். நான் பத்தாவது பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தப்போதான், 2004 பிப்ரவரியில், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு.

இப்போ எங்க தெருவில் பாதிப் பெண்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனி வேனில் போறாங்க. அங்கே வெட்டி மிஞ்சும் துணி கிலோ கணக்கில் வியாபாரியிடம் போகும். அவரிடம் குழு சார்பில் ஒரு மூட்டை வாங்கினோம்.

என் மாமனார் ஆடு ஓட்டிட்டுப் போறவர். போர்வை போர்த்திக்கிட்டு கிளை ஒடிக்க முடியாது. அதனால் கவுதி மாதிரியே கையில்லாத கோட்டு தைத்தேன். மேலே ஒட்டுத் துணி, நடுவில் பழைய சேலை இரண்டு மடிப்பு, உள்ளே லைனிங். அளவெடுத்து வெட்டிவிட்டு நூல் ஓட்டினேன். ஓட்ட ஓட்டத் துணி சுருங்கி, கடைசியில் அது என் பையனுக்குத்தான் சேர்ந்தது! முதலில் நூல் ஓட்டணும், பிறகுதான் கழுத்தும் கைக்குழியும் வெட்டணும். பனியன் துணி இழுபடும், சட்டைத் துணி இழுபடாது. இரண்டையும் பக்கத்தில் வைக்காதீங்க. சாயம் போகும் துணியை முன்னாடியே அலசிடுங்க. ஓரத்துக்குக் கிராஸ் பட்டி வைத்தால் வளைவில் சுருக்கம் விழாது.

அடுத்தது விலை. ஒரு கோட்டை 300 ரூபாய்க்குக் கொடுத்தேன். துணி, நூல், லைனிங் செலவு 90 போக 210. தைத்தது 18 மணி நேரம். மணிக்கு 12 ரூபாய்கூட வரல. "வேஸ்ட் துணிதானே" என்றுதான் எல்லாரும் பேரம் பேசறாங்க. துணிதான் வேஸ்ட், என் கை வேஸ்ட்டா?

பயிற்சியில் ஒரு விஷயம் சொன்னாங்க. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கறுப்பினப் பெண்கள், வயல்காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள், 1966-ல் நம்மைப் போலவே ஒட்டுப்போர்வை தைக்கக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடைக்கு கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஆர்டர் கிடைத்தது. மிஞ்சின துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போர்வை தைத்துக்கொண்டார்கள். 2002 முதல் அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கின. தலையணை உறையை யாரும் தொங்கவிடல.

அதைக் கேட்ட பிறகு குழு நோட்டில் துணி, நூல் கணக்குக்குப் பக்கத்தில் மணி நேரத்துக்கும் ஒரு கட்டம் போட்டேன். விலையை 550 ஆக்கினோம். முந்தின மாசம் 7 கோட்டு போச்சு, போன மாசம் 2 தான். பழையபடி 300-க்கே கொடுக்கலாம்னு குழுவில் பாதிப் பேர் சொல்றாங்க. நான் இன்னும் ஒத்துக்கல.