வௌவால்களின் எதிரொலி இடமறிதல்

எதிரொலி இடமறிதல் என்பது, ஓர் உயிரினம் தான் எழுப்பும் ஒலி சுற்றிலுமுள்ள பொருள்களில் பட்டுத் திரும்பும்போது அதைக் கேட்டு, அப்பொருள்களின் திசை, தொலைவு, அளவு, அசைவு ஆகியவற்றை உணரும் திறனாகும். உலகிலுள்ள 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களில் பெரும்பாலானவை இத்திறனைக் கொண்டே இருளில் வழியறிந்து பறக்கின்றன. விலங்கின் உடலியக்கம், புலனறிவு, நடத்தை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்தால் எதுவும் முழுமையாக விளங்காது என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுத்துறைகளுள் இது முதன்மையானது.

கண்டறிந்த வரலாறு

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லாசரோ ஸ்பல்லான்சானி, ஆந்தையும் தடுமாறும் முழு இருட்டில் வௌவால் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டு, 1793-இல் அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். அவர் பார்வையை நீக்கிவிட்டுப் பறக்கவிட்ட வௌவால்களை மீண்டும் பிடித்து ஆராய்ந்தபோது, பார்வையுள்ள வௌவால்களைப் போலவே அவற்றின் இரைப்பையிலும் பூச்சிகள் நிறைந்திருந்தன. அடுத்த ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லூயி ஜூரின், காதுகளை அடைத்த வௌவால்கள் தடைகளில் மோதுவதைக் கண்டறிந்தார். ஸ்பல்லான்சானியும் அச்சோதனையைத் தாமே செய்து அம்முடிவை ஏற்றார். ஆனால் பறக்கும் வௌவாலிடமிருந்து மனிதக் காதுக்கு ஓசை ஏதும் கேட்கவில்லை என்பதால், செவிக்கும் வழியறிதலுக்கும் உள்ள தொடர்பை எவராலும் விளக்க முடியவில்லை. இறக்கைத் தோலின் தொடு உணர்வே காரணம் என்று பிரான்சின் ஜார்ஜ் குவியே கூறிய கருத்து, 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் செல்வாக்குப் பெற்றிருந்தது.

மனிதன் கேட்கக்கூடிய ஒலியின் மேல் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள், அதாவது 20 கிலோஹெர்ட்ஸ் ஆகும். அதற்கு மேற்பட்ட ஒலி மீயொலி எனப்படும். வௌவால்கள் உயர் அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்தக்கூடும் என்று ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஹாமில்ட்டன் ஹார்ட்ரிட்ஜ் 1920-இல் கருதினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின், இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் உருவாக்கிய மீயொலி உணர்கருவியின் முன் வௌவால்களை வைத்துப் பார்த்து, அவை மீயொலி எழுப்புவதை 1938-இல் மெய்ப்பித்தார். பின்னர் அவரும் ராபர்ட் கலாம்போசும், கம்பிகள் தொங்கவிடப்பட்ட அறையில் வௌவால்களைப் பறக்கவிட்டு, காதை அடைத்தாலும் வாயை மூடினாலும் அவை ஒரே விதமாக வழி தவறுவதைக் காட்டியதால், குரலும் செவியும் சேர்ந்தே ஒரு புலனாக இயங்குவது உறுதியாயிற்று. இத்திறனுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1944-இல் சூட்டியவரும் கிரிஃபினே ஆவார்.

ஒலியும் தொலைவும்

பெரும்பாலான வௌவால்கள் தம் ஒலியைக் குரல்வளையில் உண்டாக்கி, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வெளியிடுகின்றன. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், ஒரு மில்லி நொடி தாமதித்து வரும் எதிரொலி சுமார் 17 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு பொருள் இருப்பதை உணர்த்துகிறது. இரையைத் தேடும்போது நொடிக்குச் சில முறை மட்டுமே ஒலிக்கும் வௌவால், இரையை நெருங்க நெருங்க ஒலியைக் குறுக்கி விரைவுபடுத்தி, பிடிக்கும் கணத்தில் நொடிக்கு 150 முறைக்கும் மேலாக ஒலிக்கிறது. இவ்விரைவு, பாலூட்டிகளின் பிற தசைகளைக் காட்டிலும் மிக வேகமாகச் சுருங்கி விரியும் குரல்வளைத் தசைகளால் இயல்கிறது. தன் குரலின் வலிமை தன் செவியையே மழுங்கடித்துவிடாதபடி, ஒலிக்கும் முன் நடுச்செவியின் நுண்தசை சுருங்கி, எதிரொலி வருவதற்குள் தளர்ந்துவிடுகிறது.

செவியும் மூளையும்

மூக்கைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் தோல்மடல் கொண்ட பெரிய லாட வௌவால், ஏறத்தாழ 83 கிலோஹெர்ட்ஸ் அளவில் நீண்ட ஒற்றைச் சுருதியை எழுப்புகிறது. வௌவால் முன்னோக்கிப் பறக்கையில் டாப்ளர் விளைவினால் எதிரொலியின் அதிர்வெண் கூடுகிறது; அந்த அளவுக்குத் தன் குரலைத் தாழ்த்தி, திரும்பிவரும் ஒலி எப்போதும் ஒரே அதிர்வெண்ணில் அமையும்படி அது செய்துகொள்வதை ஜெர்மனியின் ஹான்ஸ்-உல்ரிக் ஷ்னிட்ஸ்லர் 1968-இல் விளக்கினார். அதன் உட்செவிச் சுருளில் அக்குறுகிய அதிர்வெண் பகுதிக்கென மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால், பூச்சியின் சிறகடிப்பு எதிரொலியில் உண்டாக்கும் மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தையும் அது உணர்கிறது. அமெரிக்காவில் ஆய்வு செய்த நோபுவோ சூகா, மீசை வௌவாலின் மூளைப்புறணியில், எழுப்பிய ஒலிக்கும் அதன் எதிரொலிக்கும் இடையே குறிப்பிட்ட கால இடைவெளி அமைந்தால் மட்டுமே வலுவாகத் தூண்டப்படும் நரம்பணுக்களைத் தம் குழுவினருடன் கண்டறிந்தார்.

இரையின் தற்காப்பு

இரவில் பறக்கும் பல அந்துப்பூச்சிகள் வௌவாலின் மீயொலியைக் கேட்கும் செவிகளைப் பெற்றுள்ளன. நாக்டுயிட் குடும்ப அந்துப்பூச்சியின் ஒவ்வொரு செவியிலும் ஒலியை உணரும் இரண்டு நரம்பணுக்களே உள்ளன என்பதையும், தொலைவில் எழும் மெல்லொலி கேட்டால் அப்பூச்சி திசைமாறி விலகுவதையும், அருகில் எழும் வல்லொலி கேட்டால் ஒழுங்கின்றிச் சுழன்று கீழே விழுவதையும் கென்னத் ரோடர் ஆராய்ந்து விளக்கினார். பெர்த்தோல்டியா ட்ரிகோனா என்னும் புலி அந்துப்பூச்சி விரைவான சொடுக்கொலிகளை எழுப்பி, வௌவாலின் இடமறிதலையே குலைப்பதை 2009-இல் வெளிவந்த ஆய்வு மெய்ப்பித்தது.

மதுரை ஆய்வுகள்

ஜெர்மன் அறிஞர் கெர்ஹார்டு நாய்வைலர், மதுரைக் காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, ஒரே வட்டாரத்தில் வாழும் வௌவால் இனங்களின் ஒலியும் செவித்திறனும் அவை வேட்டையாடும் இடத்துக்கேற்ப வேறுபடுவதை ஆராய்ந்தார். மெகாடெர்மா லைரா என்னும் ஊனுண்ணி வௌவால், எதிரொலி இடமறியும் திறன் பெற்றிருந்தும், தரையில் ஊரும் இரையை அது நகரும்போது எழும் சலசலப்பைக் கேட்டே கண்டுபிடிக்கிறது என்று ஜி. மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு திறன் உடலில் அமைந்திருப்பதும், வாழ்வின் ஒரு குறிப்பிட்ட தேவைக்கு அது பயன்படுத்தப்படுவதும் வெவ்வேறு என்பதை உணர்த்தியதால், இவ்வாய்வு தனிச் சிறப்புடையது.

பிற உயிரினங்கள்

பெரிய பழந்தின்னி வௌவால்கள் பார்வையையும் மோப்பத்தையும் நம்பி வாழ்கின்றன. குகைகளில் தங்கும் ரூசெட்டஸ் என்னும் பழந்தின்னி இனங்களோ நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலியால் வழியறிகின்றன. டால்பின் முதலிய பல்லுள்ள திமிங்கலங்களும், சில உழவாரக் குருவிகளும், தென்னமெரிக்காவின் எண்ணெய்ப் பறவையும் இத்திறனைத் தனித்தனியே பெற்றன. உட்செவியின் உணர்மயிர் செல்களில் இயங்கும் பிரெஸ்டின் என்னும் புரதத்தில் வௌவால்களுக்கும் டால்பின்களுக்கும் பொதுவான மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதை 2010-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதன்மூலம், தொலைவான இரு கிளைகளில் தோன்றிய ஒத்த தேவை, மூலக்கூறு அளவிலும் ஒத்த தீர்வை அடையக்கூடும் என்பது விளங்குகிறது.