கண்மணி சொல்லும் செய்தி

அம்மை விளையாட்டாக ஐயனின் கண்களைப் பொத்த, உலகெலாம் இருண்டதென்று எங்கள் திருவண்ணாமலைத் தலபுராணம் கூறும். கண்ணை ஒளியின் இருப்பிடமாகப் போற்றிய நம் முன்னோர், உடலின் நிலையையும் அதிலே தேடினர். சித்த மருத்துவத்தில் நோயறியும் வழிகள் எட்டு: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், நீர். காமாலையின் மஞ்சளையும் சோகையின் வெளுப்பையும் விழி காட்டும். எனினும் அது எட்டில் ஒன்றே, தனித்துத் தீர்ப்பளிப்பதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கேரி நாட்டு மருத்துவர் பெட்செலி, கண்மணியைச் சூழ்ந்த நிறவளையத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓரிடம் வகுத்தார். அவ்வளையமே எந்நோயையும் சொல்லும் என்றனர் அவர் வழிவந்தோர். 1979-இல் அமெரிக்காவில் 143 பேரின் கண்களைப் படமெடுத்துக் காட்டியபோது, சிறுநீரக நோயுற்றோர் எவரென அவர்களால் பிரித்தறிய இயலவில்லை.

மற்றொரு வழியும் அந்நூற்றாண்டில் பிறந்தது. 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்மணியின் வழியே விழித்திரையைக் காணும் கருவியை உலகுக்கு அறிவித்தார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நுண்குழாய்களில் செய்யும் கேட்டை அதனால் நேரே காணலாம்.

தலைமையாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்றபின், ஒருவர் என் நிறவளையத்தை நோக்கி, “ஐயா, உங்களுக்குக் குறையொன்றுமில்லை” என்றார். நானும் மகிழ்ந்து, ஈராண்டு வாளாவிருந்தேன். பின்னர்க் கண் மருத்துவர் சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார். விழித்திரையில் நீரிழிவின் குருதிக் கசிவு! அதன்பின் கார்த்திகைத் தீபம் என் இடக்கண்ணுக்கு மங்கலாகவே தெரிகிறது.

சன்னற் சட்டத்தைப் பார்த்து வீட்டின் நிலை கூறலாகாது. சன்னல் வழியே உள்ளே பார்த்தல் வேண்டும். நீரிழிவுடைய அன்பர்களே, ஆண்டுக்கொரு முறையேனும் அவ்வாறு பார்க்கச் செய்யுங்கள்.