பூணூலில்லாப் பிராமணர்

மலாக்காவை 1511 முதல் 1641 வரை ஆண்ட போர்ச்சுகீசியரை மலாயாத் தமிழர் அறிவர். அவர்தம் படையிலே பதவி வகித்து, அவர்தம் மொழியைக் கற்று, அவர்தம் சட்டசபையிலேயே எழுந்து நின்று இந்தியனுக்கு நீதி கேட்ட ஒருவரை நம்மில் அறிந்தோர் எத்தனை பேர்? கோவா தந்த பிரான்சிஸ்கு லூயிஸ் கோமஸ் என்பாரே அவர்.

கோமஸ் 1829ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் நாவெலிம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பஞ்சிமில் 1842இல் தோன்றிய மருத்துவப் பள்ளியிற் பயின்று, போர்ச்சுகீசியப் படையின் மருத்துவ அதிகாரியானார். உடலின் பிணி தீர்க்கப் புகுந்தவர், நாட்டின் பிணி யாதென ஆராயலானார். வரலாறும் பொருளாதாரமும் கற்றார். பிரெஞ்சு மொழியில் நூலெழுதுமளவு தேர்ச்சியும் பெற்றார். 1860இல் கோவாவின் பிரதிநிதியாக லிஸ்பன் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாதாபாய் நௌரோஜி ஆங்கிலப் பார்லிமெண்டில் நுழைந்தது 1892இல்தான். அதுவும் லண்டன் மாநகரத்து வாக்காளரின் ஆதரவால். கோமஸோ இந்திய மண்ணிலிருந்தே சென்றவர்.

சென்ற இடத்தில் வரவேற்பு எத்தகையது? கடல் கடந்த நாட்டாருக்குச் சட்டசபையில் இடம் எதற்கு என்ற பேச்சே அவரை வரவேற்றது. வரிசெலுத்துவோனுக்கு வாய் இருத்தல் ஆகாதோ என்னும் போக்கில், 1861இல் தமது முதற்பேச்சிலேயே அதனை மறுத்துரைத்தார். அதே ஆண்டில் பிரெஞ்சுக் கவிஞர் லாமார்த்தீனுக்கு அவர் வரைந்த மடல், இந்தியாவின் பழம்பெருமையையும் அன்றைய தாழ்வையும் எடுத்துக்கூறி, அதற்கு விடுதலை வேண்டும் என்று கேட்டது. காங்கிரஸ் பிறந்தது 1885இல் என்பதை எண்ணிப் பார்த்தால் இம்மடலின் துணிவு விளங்கும்.

நிற்க. 1862இல் கோவாவின் நிலத்தையும் உழவையும் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். 1866இல் வந்தது 'பிராமணர்' என்னும் நாவல். கதைக்களம் ஃபைசாபாத், காலம் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலம். மக்னோத் என்னும் பிராமணனுக்கும் ராபர்ட் டேவிஸ் என்னும் ஐரிஷ் துரைக்கும் மூண்ட பகையே கதை. பிறப்பால் உயர்ந்தவன் நான் என்கிறான் ஒருவன். நிறத்தால் உயர்ந்தவன் நான் என்கிறான் மற்றவன். இவ்விருவரில் யார் பிராமணன்? இருவருமே என்பதுதான் நூலின் விடை. பூணூல் அணிந்தவனை மட்டும் சாடிவிட்டு, பூணூலில்லாப் பிராமணனைத் தப்பவிட அவர் ஒருப்படவில்லை.

இதனை எழுதியவர் தாமே கோவாவின் மேற்சாதிக் கிறித்தவக் குடியில் பிறந்தவர் என்பது கருதத்தக்கது. மதம் மாறியும் சாதி மாறாத நாடு அது. கோயிற் சபைகளிலும் சாதிக்கோர் இடம் வகுத்திருந்தனர்.

குறை இல்லாதவரல்லர் கோமஸ். ஐரோப்பியக் கல்வியும் கிறித்தவமுமே மருந்தென நம்பினார். ஆசியக் கிறித்தவக் குடிகளுக்கும் போர்ச்சுகலிற் பிறந்தோருக்கும் ஒரே உரிமை என 1761இல் சட்டம் செய்த போம்பால் பிரபுவைப் பற்றி 1869இல் பிரெஞ்சில் நூலெழுதினார். ஆயின், அச்சட்டம் பிறந்து நூறாண்டு சென்ற பின்னும் தம் நாட்டாருக்காக வாதாட நேர்ந்ததே! ஏட்டில் எழுதிய சமத்துவம் நெஞ்சில் ஏறாவிடில் பயன் என்ன? அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள், தாயகம் திரும்பும் வழியில் கப்பலிலேயே உயிர்நீத்தார். அகவை நாற்பதுதான். கோவா விடுதலை பெற 1961 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கேரி என்னும் துரையின் பெயரைச் சுமந்து நிற்கும் நம் தீவில் இக்கதை எதற்கு என்பீரோ? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் எனவும் கேட்டனர். துரைக்கு மட்டுமன்று, தோட்டத்துக் கிராணிமாருக்கும் அம்மரியாதை செலுத்தவேண்டியிருந்தது! அக்கிராணிமாருள் தமிழரும் மலையாளிகளும் இருந்தனர். கூலியின் நிறமே அவர்கள் நிறம். எனினும், மேசையும் பேரேடும் அவர்களுக்குப் பூணூலாயின.

துரை போனார், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று பேரேட்டின் முன் அமர்ந்திருக்கும் என் போன்றாரும், எதிரே வெயிலில் நிற்பவன் தமிழனாயினும் வங்காளியாயினும் இந்தோனேசியனாயினும், அவனை அமரச் சொல்லிப் பேசுகிறோமா என்று கேட்டுக்கொள்வது நன்று. கோமஸின் நாவல் கேட்பது அதைத்தான்.