பின்வரிசையின் ஓசை: நான்கு வழி ஒலிப்பெட்டியைத் துடைத்தல் குறித்துச் சில குறிப்புகள்

1

தோற்றுப்போன பொருட்களுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. எழுதினாலும், ஜெயித்த பொருளின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக, கொஞ்சம் கேலியோடு எழுதுகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க, ஜப்பானியக் கடைகளுக்கு வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கிருந்து மறைந்துபோன குவாட்ரபோனிக் ரிசீவர் அப்படியொரு பொருள். ஸ்டீரியோவுக்கு இரண்டு ஒலிபெருக்கி என்றால் இதற்கு நான்கு. முன்னால் இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு. வானொலி, இசைத்தட்டின் ஒலியை நான்காகப் பிரிக்கும் சர்க்யூட், நான்கு ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். பெரிய மாடல்களின் எடை இருபது கிலோவைத் தாண்டும்.

'ஆளுக்கு ரெண்டு காதுதானே, நாலு ஸ்பீக்கர் எதுக்கு?' என்று கேட்பார்கள். பின்னால் வரும் பஸ்சின் ஹார்ன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் நாம் அந்த ரெண்டு காதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.

இந்தப் பெட்டியின் முடிவுக்குச் சொல்லப்படும் காரணம் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: 'நுகர்வோர் குழம்பினர், நிராகரித்தனர்.' இவ்வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். குழம்பியவர்கள் இருக்கிறார்கள், குழப்பியவர்கள் இல்லை. வணிக வரலாற்றுச் சொல்லாடல் தனக்கு வசதியான இலக்கணத்தைத் தேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து துடைப்பவரின் கைக்கு இந்த வாக்கியம் அகப்படுவதில்லை; வேறு சில தடயங்கள் அகப்படுகின்றன. அவற்றிலிருந்து தொடங்கி வரலாற்றை வாசிக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

கேட்பவர்களைச் சுற்றி நான்கு புறமும் ஒலியை நிறுத்தும் எண்ணம் கம்பெனிகளுடையதல்ல. ஸ்டாக்ஹவுசன் 1960இல் முடித்த 'கோன்டாக்டே' நான்கு தடங்களில் அமைந்த படைப்பு. 1967இல் லண்டன் அரங்கொன்றில் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் ஒலியை அரங்கைச் சுற்றி ஓடவிட்டார்கள். இரண்டுமே கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் கூடங்கள். தொழில்துறை இதை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது நான்கு மூலைகளின் நடுவே மிஞ்சியது ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்காருபவருக்கு மட்டுமே ஒலி சரியாகச் சேரும். சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்குப் பாதிப் பாட்டுதான்.

1969இல் நான்கு தட ஸ்பூல் டேப்பும் 1970இல் ஆர்.சி.ஏ.யின் கார்ட்ரிட்ஜும் வந்துவிட்டன. ஆனால் சந்தை இசைத்தட்டில் இருந்தது. இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள்தான். அதாவது இரண்டு தடங்கள். நான்கை இரண்டுக்குள் எப்படி அடைப்பது?

ஒரு வழி, நான்கையும் கலந்து இரண்டாக்கி, வீட்டில் மறுபடி பிரித்தெடுப்பது. சி.பி.எஸ். நிறுவனத்தின் எஸ்.க்யூ., சான்சுயியின் க்யூ.எஸ். இரண்டும் இவ்வகை. கலந்ததை முழுதாகப் பிரிக்க முடியாது. எளிய எஸ்.க்யூ. சர்க்யூட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே 3 டெசிபெல் பிரிவுதான். அதாவது முன்னால் கேட்கவேண்டியதன் பாதி வலு பின்னாலும் கசியும். மற்ற வழி ஜப்பானின் ஜே.வி.சி. கொண்டுவந்த சி.டி.-4. முன்-பின் வேறுபாட்டை, மனிதக் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் அலையொன்றின் மேலேற்றிப் பள்ளத்திலேயே வெட்டினார்கள். அதைப் படிக்கத் தனி ஊசி வேண்டும். சாதாரண ஊசியை வைத்தால் அந்த நுண்ணிய வெட்டு தேய்ந்துபோகும்.

சி.பி.எஸ்.ஸும் சோனியும் ஈ.எம்.ஐ.யும் ஒரு முகாம். ஆர்.சி.ஏ.வும் வார்னர் குழுமமும் இன்னொன்று. ஏ.பி.சி. இசைத்தட்டுகள் க்யூ.எஸ். பக்கம். ஒருவருக்குப் பிடித்த பாடகர் எந்த முகாமில் இருக்கிறாரோ அந்த முகாமின் பெட்டியை அவர் வாங்கவேண்டும். 'குழப்பம்' என்று சொல்லப்படுவது இதைத்தான். இது காப்புரிமைக்கும் உரிமத்தொகைக்கும் நடந்த சண்டை. 1973 எண்ணெய் நெருக்கடியில் இசைத்தட்டுக்கான வினைல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது.

சண்டை அதோடு ஓயவில்லை. கலந்து பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் பீட்டர் ஷைபர், இசைக்கலைஞராக இருந்து கண்டுபிடிப்பாளரானவர். அதே முறை சினிமாக் கொட்டகையின் சரவுண்ட் ஒலியாகத் தொடர்ந்தபோது, டால்பி நிறுவனத்தின் மீது அவர் 1983இல் வழக்குத் தொடுத்தார். கடைசிக் காப்புரிமை காலாவதியாகும்வரை பணம் தருவது என்று சமரசமானது. அமெரிக்கக் காப்புரிமைகள் 1993இல் முடிந்தன. கனடாவினுடையது 1995 வரை இருந்தது. முடிந்துபோன உரிமைக்குப் பணமில்லை என்றது டால்பி. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டால்பி பக்கம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் நிராகரித்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றின் கருத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற சண்டை கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நடந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

3

இனி, பெட்டியைத் திறப்போம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு உடனே கை வைக்கக் கூடாது. பெரிய கண்டன்சர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது இறங்கிவிட்டதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தபிறகே வேலை. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230இல் நேரே சொருகினால் புகைதான். பல வருடம் தூங்கிய பெட்டியை எழுப்பும்போது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வழக்கப்படி ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்துப் பார்ப்பது நல்லது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் தெரிவது தூசி. மெல்லிய பிரஷ் போதும். அடுத்து, ஒலியளவுக் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். உள்ளே கார்பன் தடத்தின் மேல் அழுக்குப் படிந்திருக்கிறது. கன்ட்ரோலின் சிறு துளை வழியே கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது தடவை திருப்பவேண்டும். துரு நீக்கும் எண்ணெயை அடிப்பவர்கள் உண்டு. அது எண்ணெய்ப் பசையை விட்டுப்போய் மேலும் தூசியைச் சேர்க்கும்.

பிறகு சுவிட்சுகள். 'பின் இடது போயிடுச்சு' என்று கொண்டுவரப்படும் பெட்டிகளில் பல நேரம் போயிருப்பது டிரான்சிஸ்டர் அல்ல. சுவிட்சின் வெள்ளிப் பூச்சு காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்திருக்கும். ஸ்டீரியோவில் இரண்டு தொடுபுள்ளி உள்ள இடத்தில் இங்கே நான்கு. கறுப்பதற்கும் இரண்டு மடங்கு இடம். அந்தச் சுவிட்சின் முகப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்: எஸ்.க்யூ., க்யூ.எஸ்., சி.டி.-4. ஒன்றையொன்று ஒழிக்க முயன்ற மூன்று முகாம்களும் ஒரே அச்சில் சுற்றுகின்றன. முகாம்கள் உடன்பாட்டுக்கு வராததால், அந்த உடன்பாட்டின் செலவை இப்பெட்டியின் விலையாகக் கேட்பவர் கட்டினார். சி.டி.-4க்கு இன்னொரு வேலையும் அவர் தலையில். சோதனை இசைத்தட்டைப் போட்டு இடம் வலம் பிரிவைத் தானே திருகிச் சரிசெய்ய வேண்டும். தொழிற்சாலையின் உழைப்பில் ஒரு பகுதி வரவேற்பறைக்கு மாற்றப்பட்டது எனலாம்.

பின்புறம் திருப்பினால், பல பெட்டிகளில் நான்கு வழி எஃப்.எம். ஒலிபரப்புக்கென்று ஒரு துளை இருக்கும். எழுபதுகள் முழுக்க அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அந்த ஒலிபரப்புக்குத் தரம் நிர்ணயிக்கவில்லை. வராத விருந்தாளிக்குப் போட்ட இலை மாதிரி அந்தத் துளை காலியாகவே இருக்கிறது. இன்னொரு பக்கம், மராண்ட்ஸ் 4400 போன்ற மாடல்களில் நான்கு ஆம்ப்ளிஃபயரையும் இணைத்து இரண்டாக்கும் சுவிட்ச்: 50 வாட் நான்கு, அல்லது 125 வாட் இரண்டு. தோற்றால் ஸ்டீரியோவாகவே பிழைத்துக்கொள்ளும் வழியைப் பெட்டி கூடவே சுமந்து வந்திருக்கிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. டயல் கண்ணாடியின் எண்கள் உட்பக்கம் வெறும் மையால் அச்சிடப்பட்டவை. சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் அழுக்கோடு எண்களும் வந்துவிடும். பளபளப்பாக்கும் ஆசையில் வரலாற்றையே துடைத்துவிடுபவர்கள் ரேடியோ மெக்கானிக்குகளில் மட்டும் இல்லை.

4

ஒரு பொருளை வைத்திருப்பது என்றால் என்ன? வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ராணுவக் கடைகளில் ஜப்பானிய ஒலிச்சாதனங்களை மலிவாக வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். அந்தத் தலைமுறையின் பெட்டிகள் இன்று சேகரிப்பாளர் சந்தையில் 'விண்டேஜ்' என்ற பெயரில் மறுபடி பண்டமாகிவிட்டன. ஏக்கத்துக்கும் விலை உண்டு. சான்சுயி மின்மாற்றி செய்வதில் தொடங்கிய நிறுவனம், 2014இல் திவாலானது. இடையில் அதன் பெயரை வீடியோகான் குழுமம் இந்தியாவில் டி.வி. விற்கப் பயன்படுத்தியது. நம்மில் பலருக்குத் தெரிந்த சான்சுயி இதுதான். கம்பெனி போனபிறகும் பெயர் தனியாக விலைபோகிறது.

துடைப்பவர் பெட்டியோடு கொள்ளும் உறவு வேறு. அப்பெட்டிகள் திருகாணியால் மூடப்பட்டவை. முழுச் சர்க்யூட் வரைபடமும் சர்வீஸ் புத்தகத்தில் அச்சானது. ஒட்டி மூடப்பட்டு, திறந்தால் உத்தரவாதம் ரத்தாகும் இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீது நம்மை வாங்கியவராக்குகிறது. உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தால்தான் சொந்தக்காரராகிறோம். பழைய பெட்டியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த உரிமை எப்போது, யாரால் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று கேட்பதற்காகவே சொல்கிறேன்.

ஒரு தொழில்நுட்ப விவரத்தோடு முடிக்கலாம். கலந்து பிரிக்கும் முறையில், பின்வரிசையின் நட்டநடுவே வைக்கப்பட்ட குரல் இரண்டு தடங்களிலும் எதிரெதிராகப் பதிவாகிறது. அந்த இசைத்தட்டை ஒற்றைத் தடமாக, உதாரணமாக ஏ.எம். வானொலியில், ஒலிபரப்பினால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அந்தக் குரல் கேட்காது. பாடியவர் பாடியிருப்பார், தட்டிலும் பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கும்போது முதலில் காணாமல் போவது பின்னால் நிற்பவர்தான். இதை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம், அதாவது கேட்காமல் இருந்திருக்கிறோம்.

குரல் அழியவில்லை. அதை மறுபடி பிரித்தெடுக்கச் சரியான சர்க்யூட்டும், கறுத்துப்போன சுவிட்சைப் பொறுமையாகத் திருப்பும் ஒரு கையும் வேண்டும்.